ஒரு படி தினை

வாசலில் தினை இறைத்து வை என்றாள் யெலிசாவ்கா.
ரத்தம் குடிக்க வருகிறவன்
கடைசி மணிவரை எண்ணாமல்
படி தாண்ட மாட்டானாம்.

ஒரு படி. தாராளமாகவே இறைத்தேன்.

நள்ளிரவில் ரதோயே வந்தான்.
புதைத்தபோது போட்ட அதே பழுப்புக் கோட்டு,
தோளில் நாற்பது நாள் மண்.
கதவைத் தட்டவில்லை. குந்தி உட்கார்ந்தான்.
ஒன்று. இரண்டு.

உயிரோடிருந்தவரை கணக்கே வராது அவனுக்கு.
திமோக் ஆற்றுச் சந்தையில்
பிளம் பழக் கூடைகளை எண்ணும்போது
பத்தொன்பதுக்குப் பின் மறுபடி பதினொன்றுக்குப் போவான்.
வியாபாரிகள் வாயே திறக்க மாட்டார்கள்.

இப்போதும் அங்கேதான் இடறினான்.
பத்தொன்பது. பதினொன்று.
பத்தொன்பது. பதினொன்று.
கதவுக்கு இந்தப் பக்கம்
சிரிப்போ அழுகையோ, வாயைப் பொத்திக்கொண்டேன்.

வெயில் பட்டால் சாம்பலாகிவிடுவானாம்,
அதையும் அவள்தான் சொன்னாள்.

சாவித் துவாரத்தில் வாய் வைத்து
"இருபது" என்றேன்.

சத்தமே இல்லை.
பிறகு, மெதுவாக,
"இருபது."
விரல் அடுத்த மணிக்கு நகர்ந்தது.

இருநூற்றுப் பன்னிரண்டில் வானம் வெளுத்தது.
கதவைத் திறந்து
மிச்சத்தை விளக்குமாற்றால் தள்ளிவிட்டேன்,
அவ்வளவுதான், போ, என்று.

மாலையில் யெலிசாவ்கா கேட்டாள்:
தினை இருக்கிறதா, இன்னும் தரட்டுமா?
இருக்கிறது என்றேன்.

ஒரு கைப்பிடி எடுத்து வைத்திருக்கிறேன்.