முந்தைய அளவு

தொண்ணூற்றோராயிரத்து நானூற்றுப் பதினாறு.
பதின்மூன்று வருடத்தில் என் வண்டி ஓடிய தூரம்.
பூமியை இரண்டு சுற்று முடித்து
மூன்றாவதில் கொஞ்சம் போயிருக்கிறேன்.
பார்த்ததென்னவோ
மாரண்டஅள்ளி, பேளாரஅள்ளி, ஜிட்டாண்டஅள்ளி.
எங்கள் பக்கம் பாதி ஊர் அள்ளியில் முடியும்.
என் நாள் எல்லாம்
பாலக்கோடு மின்வாரிய ஆபீசில் முடியும்.

மீட்டர் பார்க்கிறவன் நான்.
தற்போதைய அளவில் முந்தைய அளவைக் கழித்தால்
யார் வீட்டுக்கு ஏசி வந்தது,
யார் வீட்டில் ஆளே இல்லை,
எல்லாம் தெரிந்துவிடும்.
என்னைக் கழித்துப் பார்த்ததில்லை.

இப்போது ஒரு வண்டி விலைக்கு வருகிறது.
நானூறு சிசி, கறுப்பு,
பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்டக் கம்பி.
ஒன்று இருபது சொல்கிறார் வாஜித்,
ஒன்று பத்துக்கு இறங்குவார்.
சங்கத்தில் லோன் கேட்டால் கிடைக்கும்.
கிடைக்கும் என்பதுதான் தொல்லை.

கெம்பராஜிடம் கேட்டேன்.
என் கிளட்ச் கேபிளைப் பதினோரு முறை மாற்றிய கை
எண்ணெயைத் துடைத்துக்கொண்டது.
"லிட்டருக்கு இருபத்தெட்டுதான் குடுக்கும் சார்.
செயின் செட்டு மட்டும் ஆறாயிரம்.
அதக் கழட்ட எங்கிட்ட ஸ்பேனரே கெடையாது."
நான் கிளம்பி, கிக்கரை மூன்று முறை உதைத்தபின்
"ஆனா சத்தம் நல்லாருக்கும்" என்றார்.

நாகவேணி
போனில் படத்தை இரண்டு விரலால் விரித்தாள்.
"புடவக் கம்பி எங்க?"
"இதுக்கு வராது."
"எங்க போவ இதுல?"
"எங்கயாவது."
"எங்கயாவதுக்கு பஸ் இல்லியா?"

ஞாயிற்றுக்கிழமை, கிருஷ்ணகிரி, பழையபேட்டை.
என் உயரம் ஐந்தடி மூன்றரை அங்குலம்,
விண்ணப்பங்களில் ஐந்தடி நாலு.
ஏறுமுன்பே குதிகால் அந்தரத்தில் தொங்குவதை
வழியெல்லாம் நினைத்தபடி வந்திருந்தேன்.
ஏறினேன்.
இரண்டு பாதமும் முழுசாய்த் தரையில்.
நம்பாமல் ஒருமுறை குனிந்து பார்த்தேன்.

டேம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன்.
மூன்றாவது கியரிலேயே ஊர் தீர்ந்துவிட்டது.
மாந்தோப்பு, மாந்தோப்பு, ஒரு கூழ் ஃபேக்டரி,
அப்புறம் தண்ணீரின் வெளிச்சம்.
திருப்பும்போது சாய்ந்துவிட்டது.
இருநூறு கிலோவும் ஒரு நொடி
என் இடது முழங்காலில் நின்றது.
மீன் வறுக்கிற அம்மா கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி
விழுவேனா என்று காத்திருந்தார்.
விழவில்லை. அவர் வேலையைப் பார்க்கப் போனார்.

"நான் ரெண்டாவது ஓனர்" என்றார் வாஜித்.
ஆர்.சி. நகலில் முதல் பெயர்: தா. அமலி, ஓசூர்.
"சின்ன உருவம் சார், கம்பெனில ஷிப்டு வேல.
சீட்ட அறுத்து ஒரு அங்குலம் எறக்கினது அவங்கதான்."
கை பழக்கம்: கழித்தேன்.
வாஜித் வாங்கும்போது முப்பத்தேழாயிரம்.
இன்று முப்பத்தெட்டாயிரத்து நூறு.
இரண்டு வருடத்தில் அவர் ஆயிரத்து நூறு.
சூளகிரி தாண்டியிருக்க மாட்டார்.
மற்றதெல்லாம் அந்த அம்மா,
நாலே வருடத்தில்.

ராயக்கோட்டை வழியாகத் திரும்பினேன்.
தக்காளி லாரிக்குப் பின்னால்
என் பழைய வண்டி சைக்கிள் மாதிரி இருந்தது.
அதனிடம் சொல்லவில்லை.
ஆனாலும் பெட்ரோல் முழு டேங்க் போட்டேன்,
வழக்கமாக இருநூறுக்குத்தான் போடுவேன்.

"கால் எட்டுச்சா?"
"எட்டுச்சு."
ஏன் எட்டியது என்று சொன்னேன்.
நாகவேணி ஆர்.சி. படத்தை வாங்கி
பெயரை இரண்டு முறை படித்தாள்,
இரண்டாவது முறை வாய்விட்டு.
"அந்தம்மா இப்ப எதுல போகுதாம்?"
"கேக்கல."
"கேக்கத் தோணலியா உனக்கு?
போன் போடு."
மணி ஒன்பதரை.
"இந்நேரத்துக்குப் போட்டா
வாங்குறேன்னு நெனச்சுக்குவாரு."
மீதிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:
"நெனைக்கட்டும்."