பின்சக்கரம்

எங்கள் ஊர் கடலைவிட இரண்டு மீட்டர் தாழ்வு.
அணைக்கு அந்தப் பக்கம் மீன்கள்
எங்கள் ஜன்னலுக்கு நேராக நீந்தும்.
இப்படிப்பட்ட இடத்தில் பிறந்தவர்களிடம்
எல்லாம் முன்குறிக்கப்பட்டது என்று சொன்னால்
எளிதில் நம்புவார்கள்.
நானும் நம்பினேன். இன்றும், பெரும்பாலும்.

உலகம் உண்டாகுமுன்னே பெயர்களை எழுதியாயிற்று.
யார் யாருடையவை, எவருக்கும் தெரியாது.
ஆகையால் வருடத்துக்கு நான்கு முறை
திருவிருந்து மேசைக்கு வெள்ளைத் துணி விரிக்கும்போது
முந்நூறு பேர் உட்கார்ந்த கோயிலில்
எழுந்து போகிறவர்கள் பதினொரு பேர்.
மற்றவர்கள் பெப்பர்மின்ட்டை வாயில் ஒதுக்கிக்கொண்டு
சொந்தக் காலணியைப் பார்த்திருப்போம்.
கிரைன், என் கணவன், மதகுக் காவலன்,
வாழ்நாளில் ஒரே ஒருமுறை
பாதி எழுந்தான்.
கோட்டை இழுத்துவிட எழுந்தவன்போல்
திரும்ப உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கோடையில் இளம்பிள்ளை வாதம் வந்தது.
முதலில் ஈஸாக், பால்காரர் மகன்.
செவ்வாய்க்கிழமை பந்து உதைத்தான்.
வெள்ளிக்கிழமை இடதுகாலைக்
கையால் தூக்கி வைத்தான்.
ஹூஸ் நகரத்தில் தடுப்பு மருந்து இருந்தது.
மூப்பர் பூகார்ட் வீடு வீடாக வந்து சொன்னார்:
கர்த்தர் அனுப்புகிறதை வாசலில் மறிப்பது
அவர் கையைத் தட்டிவிடுவது.
கிரைன் தலையாட்டினான்.
பிறகு மதகின் கதவை இறக்கப் போனான்,
ஓதம் ஏறும் நேரம்.

நான் அவனிடம் கேட்கவில்லை.
கேட்டால் மறுப்பான்; மறுத்தால் மீறவேண்டும்.
மாட்யேவுக்கு நான்கு வயது.
விடியுமுன் அவளைப் பின்னிருக்கையில் வாரிட்டு
பதினான்கு கிலோமீட்டர், எதிர்காற்றில்.
ஒவ்வொரு மிதியும் என் தலைமேல் என்று
பல்லைக் கடித்து மிதித்தேன்.
பயம்தான். சொல்வதற்கென்ன,
சந்தோஷமும் இருந்தது.
சர்க்கரைக் கட்டியில் ஒரே சொட்டு.
மாட்யே இன்னொன்று கேட்டாள்.

மூப்பருக்குத் தெரியாமல் போகுமா?
கறுப்பு உடுப்பில் இருவராக வந்தார்கள்.
"யார் ஏவியது, நீல்ட்யே?"
"யாரும் இல்லை. என் இஷ்டம்."
கிரைன் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று
புகைக்குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டிருந்தான்,
கட்டைவிரலால் அழுத்தி,
மறுபடி அழுத்தி.

பதினேழு வருடம் கழித்து, அவனைப் புதைத்த வாரம்,
கொட்டகையைக் கூட்டும்போதுதான் நினைவு வந்தது:
அந்த ஜூன் முழுக்க
என் சைக்கிளின் பின்சக்கரம் காற்றில்லாமல் கிடந்தது.
ஒட்டுப்போடச் சொல்லி மூன்று வாரம் நச்சரித்தேன்.
அன்று இருட்டில் தொட்டுக்கூடப் பார்க்காமல்
ஏறி உட்கார்ந்தேன்.
சக்கரம் கல்லாக இருந்தது.

அதுமட்டுமா.
பின்னிருக்கைத் தோல்வாரில் புதிதாக ஒரு துளை,
மாட்யேவின் இடுப்புக்குக் கணக்காக.

முதலில் வந்தது கோபம்.
என் ஆயுளின் ஒரே மீறல்,
அதிலும் பங்குக்கு வந்துவிட்டானே.
அவனா என்பதும் நிச்சயமில்லை.
கேட்க ஆளில்லை.
பம்பு அதன் ஆணியில் தொங்கியது, வாய் திறக்காமல்.
"யாரும் இல்லை" என்றேனே, அது பொய்யா?
மிதித்தது நான். முழங்கால்கள் சாட்சி,
மழைக்காலத்தில் இன்றும் சொல்லும்.
காற்று யாருடையது?
மூன்று இரவு இதைப் புரட்டினேன்.
நான்காவது இரவு தூங்கிவிட்டேன்.

செப்டம்பரில் மறுபடி வெள்ளைத் துணி விரித்தார்கள்.
அறிகுறி எதுவும் தோன்றவில்லை. வெளிச்சம் இல்லை, குரல் இல்லை.
பெப்பர்மின்ட்கூட இன்னும் கரையவில்லை.
பாதி வழி நடந்த பிறகுதான்
எழுந்துவிட்டேன் என்பதே தெரிந்தது.

மேசையில் எனக்கு அடுத்த இடம் மூப்பர் பூகார்டுக்கு.
தள்ளாத வயது. ரொட்டித் தட்டை என் பக்கம் நீட்டும்போது
கை நடுங்கித் துணியில் துகள் சிந்தியது.
யார் ஏவியது என்று
இந்த முறை அவர் கேட்கவில்லை.