அது வேறு

குளியல் தொட்டியில் இருபது லிட்டர்க் குடுவை.
ஜூலை. பத்தரை மணிக்கும் வெளிச்சம் போகவில்லை
தார்த்து நகரில்.
மாரிகா முழங்கைவரை நுரையோடு நிற்கிறாள்.
கழுவினால் போதாது,
கழுவியபின்தான் வேலையே என்கிறாள்,
பகலெல்லாம் பல் மருத்துவமனையில்
இடுக்கிகளை அவிக்கிறவள்.

வெந்நீரில் கந்தகத் தூள்.
தீக்குச்சி உரசிய நெடி. எனக்குத் தும்மல்.
அந்தப் பக்கம் போய்த் தும்மு.
புனல், மூடி, ரப்பர் குழாய்,
மரக்கரண்டி… அது வேண்டாம்,
கீறலுக்குள் ஒளிந்துகொள்வார்கள்.
யாரென்று நான் கேட்கவில்லை,
கேட்டால் பெயர் பெயராகச் சொல்வாள்.

பால்கனியில் ஐந்து கிலோ பிளாக் கரன்ட்
காத்திருக்கிறது. காம்பு கிள்ளியது நான்.
நகக்கண்ணெல்லாம் ஊதா.
என்னை இன்னும் கிட்டே விடவில்லை.

குழாய் அடைத்திருக்கிறதா என்று
ஒரு முனையை வாயில் வைத்து உறிஞ்சிப் பார்த்தேன்,
சும்மா,
புகையிட்ட மத்தி தின்ற வாயால்.

நிமிர்ந்தாள்.
குழாயைப் பிடுங்கித் தொட்டியில் எறிந்தாள்.
கெட்டில் மறுபடி அடுப்பேறியது.

காலையில் மாடிப்படியில் இதே வாயைத்தானே, என்று
ஆரம்பித்தேன்.

அது வேறு, இது வேறு.

தண்ணீர் முனகத் தொடங்கியது.
கொதிக்கும்வரை நேரமிருக்கிறது என்று
அவளேதான் நெருங்கி வந்தாள்,
கழுவிய கைகள் இரண்டையும்
எதிலும் படாமல்
தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு.