மேல் கட்டில்

காலை ஏழரைக்கு
சூப்பர்வைசர் கோ நீட்டும் தாளில்
ஒரு ஆளுக்கு ஒரு வரி, ஒன்பது கட்டம்.
காய்ச்சல், மருந்து, மயக்கம்,
ஆறு மணி நேரத் தூக்கம்.
நாற்பது பேருக்கு ஒரே பேனா.
கேள்வியைப் படிக்கிற வழக்கமில்லை,
பின்னால் ஷோஹெல் நிற்கிறான்.

பன்னிரண்டாம் தளத்தில் கம்பி கட்டுகிறேன்.
முடிச்சைக் கை போட்டுக்கொள்ளும்.
தலை தனியே வட்டி போடும்:
ஏஜெண்டுக்கு வாங்கியதில் பாக்கி ஒன்றே முக்கால் லட்சம்.
செவ்வாயன்று
கொக்கியை மாட்டினேனா என்று பார்த்தேன்.
மாட்டியிருந்தது.
மதியத்துக்குள் பதினாறு தடவை பார்த்துவிட்டேன்.
புதனன்று ஒருமுறையும் பார்க்கவில்லை.
சாயங்காலம் அவிழ்க்கப் போனால்
காலையிலிருந்து இடுப்பிலேயே தொங்கியிருக்கிறது.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னவனுக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள் என்று
லாரியில் யாரோ சொன்னது.

கிராஞ்சி. அறைக்குப் பன்னிரண்டு பேர்.
எனக்கு மேல் கட்டில் தவசிமுத்து.
தூங்குகிறவன் புரளுவான்,
பலகை முனகும்.
மூன்று ராத்திரியாகப் பலகையில் சத்தமே இல்லை.
அவனுக்கும் என் பலகை கேட்டிருக்கும்.

ஹெல்மெட்டுக்குள் ஒட்டிய அட்டையில்
கடைசி எண்ணை வியர்வை தின்றிருந்தது.
எட்டா, மூன்றா?
ஒன்றரை மணிக்குத் துணி காயப்போடும் இடத்தில் நின்று
எட்டைப் போட்டேன்.
'சொல்லுங்கண்ணே' என்றது ஒரு பெண் குரல்.
எனக்கில்லை, கூட இருக்கிறவனுக்கு என்றேன்.
பேர் கேட்டாள்.
தவசிமுத்து.

சோற்றுப் பொட்டலத்தைத் திறந்து மூடிவிடுகிறான்.
மகள் வீடியோவில் பல் விழுந்த இடத்தைக் காட்டினால்
சிரிக்க மறந்துவிடுகிறான்.
குழாயைத் திறந்துவிட்டு அதன் எதிரே நிற்கிறான்.
கொக்கி மாட்டவில்லை.
எல்லாம் சொன்னேன்.
தவசிமுத்துவுக்கு மகள் இல்லை.

'அவங்க இன்னிக்குச் சாப்பிட்டாங்களா?'
இல்லை.
'நீங்க?'

சாலையில் சிமெண்ட் லாரி ஒன்று
கியர் மாற்றி, ஏறி, மறையும்வரை
அவள் போனை வைக்கவில்லை.

திரும்புகையில்
ஈரக் கால்சட்டைகளுக்கு அந்தப் பக்கம்
போனைக் கையால் பொத்திக்கொண்டு ஒரு குரல்:
'எனக்கில்லைங்க...
கீழ்க் கட்டில்ல ஒருத்தர்...'
காலோசை எழாமல் செருப்பைக் கழற்றிக்கொண்டேன்.

அவன் வந்து ஏறிப் படுத்தான்.
வெகுநேரம் கழித்து
பலகை ஒருமுறை முனகியது.
வேண்டுமென்றே புரண்டதுபோல் இருந்தது.

ஏழரை. தாள் வந்தது.
எனக்கு மேல் வரியில் தவசிமுத்து.
தூக்கத்துக்கான கட்டத்தில் டிக் இல்லை,
'மூன்று' என்று எழுதியிருக்கிறான்.

மூன்று இருக்காது.

'அண்ணா, பேனா' என்றான் ஷோஹெல்.
இரு, இரு,
நான் இன்னும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.