அறுநூறு மில்லிமீட்டர்

கோப்பில் என் கையெழுத்து இருக்கிறது.
நீல மை. கம்பாலாவில் மழை இல்லாத ஆகஸ்ட்.
வெயிலில் எந்தக் குழாயும்
போதுமானதாகத்தான் தெரியும்.

தொள்ளாயிரம் மில்லிமீட்டர் என்றுதான் வரைந்திருந்தேன்.
நிதிப் பிரிவில் ஒருவர் பேனாவைத் திருப்பிப் பிடித்து
பின்முனையால் அந்த எண்ணைத் தட்டினார்.
"பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் மழைக்கு
இவ்வளவு பெரிய வாயா?"

பத்தாண்டு மழை
பத்தாண்டு காத்திருந்து வருவதில்லை.
ஒவ்வோர் ஆண்டும் பத்துச் சீட்டில் ஒரு சீட்டு அது.
போன ஆண்டு எடுத்த சீட்டு
இந்த ஆண்டும் குலுக்கலில் இருக்கும்.
சொல்லத் தெரிந்தவன்தான்.
தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.
அறுநூறு என்று திருத்திக் கொடுத்தேன்.

தலைக்குமேல் வெள்ளம் போனால்
சாண் என்ன முழம் என்ன என்கிறார்கள்.
குழாய் வாங்கியிராதவர்கள்.
நான் குறைத்தது ஒரு சாணும் நாலு விரலும்.
விட்டம் ஒன்றரை மடங்கானால்
நீர் மூன்று மடங்கு போகும்.
போகாத இரண்டு பங்கு
ப்வாயிசேயில் வீடு வீடாக ஏறி
கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் போனேன், செகிராண்டாவோடு.
மதகு வாயில்
வாழைக்காய்த் தோல், பால் பாக்கெட், ஒரு முழு மெத்தை,
இரண்டாயிரம் பாட்டிலாவது இருக்கும்.
குப்பை மேட்டில் மராபு நாரைகள்
தணிக்கைக்கு வந்தவர்கள்போல்
கழுத்தைத் தோளுக்குள் இழுத்து நின்றன.
மெத்தையை இழுக்க எட்டுப் பேர் வேண்டியிருந்தது.
"அடைப்புதான் காரணம் என்று எழுதிவிடலாம்"
என்றார் செகிராண்டா, என் முகத்தைப் பார்க்காமல்.
பாதி உண்மை. நல்ல பாதி.

தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்று குறிக்க
நாங்கள் நட்ட அளவுக் கம்பம்
யார் வீட்டு வேலியிலோ இருந்தது.
அதனால் கதவு கதவாகக் கேட்டேன்.

நாம்பூசே சப்பாத்திக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
நிலையைக் காட்டினாள்:
கரியால் இழுத்த கோடுகள், ஒன்றின்மேல் ஒன்று,
தேதி இல்லை, பெயர் இல்லை.
சில அவள் மகன் முக்கீபியின் உயரமாம்.
சில வெள்ளத்தின் உயரமாம்.
"எது பையன், எது தண்ணீர்?"
"கோணல் எல்லாம் அவன். ஒரு நிமிஷம் நிற்கமாட்டான்.
நேராக இருப்பது தண்ணீர்."

டேப்பை நீட்டி அளந்தேன்.
உச்சியில் இருந்த கோணல் கோடு: தொண்ணூற்றேழு சென்டிமீட்டர்.
உச்சியில் இருந்த நேர்க்கோடு: நூற்றுநான்கு.
இரண்டையும் ஒரே பத்தியில் எழுதிவிட்டு
பிறகு அடித்துப் பிரித்தேன்.
மழை மாதங்களில் பையன்
மசாக்காவில் சித்தியிடம் இருப்பான் என்றாள்
நான் கேட்காமலேயே.

இப்போது மேசையில் புதிய வரைபடம்.
தொள்ளாயிரம்.
அதுவும் எங்கே கொண்டு போய் ஊற்றும்?
லுபிகிச் சதுப்பில், பப்பைரஸ் கோரைக்குள்.
கோரை நின்ற இடத்தில் லாரி லாரியாகச் செம்மண் கொட்டி
ஒரு கடை எழும்பியிருக்கிறது.
குழாய் விற்கிறார்கள்.
எல்லா அளவிலும் கிடைக்கும்.

கடைக்கும் ஒரு கோப்பு இருக்கும்,
அதில் ஒரு கையெழுத்து,
யாருடைய தேநீரோ ஆறிய ஒரு பிற்பகல்.
தேடிப் பார்க்கவில்லை இன்னும்.

இரவு ஒன்பதுக்குச் செகிராண்டா அழைக்கிறார்.
மேற்கே மின்னுகிறதாம்.
போன வாரம் பூட்டிய இரும்புச் சல்லடையை
பழைய இரும்புக்குக் கழற்றிப் போய்விட்டார்களாம்,
குழி திறந்து கிடக்கிறதாம்.
தண்ணீர் மூடினால் குழி எது தெரு எது தெரியாது.
ஒரு கொம்பு நட்டு
சிவப்புத் துணி கட்டுங்கள் என்கிறேன்.
சிவப்பு இல்லை, நீலம்தான் இருக்கிறது என்கிறார்.
இருட்டில் நீலம் தெரியுமா என்று யோசிக்கிறேன்.
கட்டுங்கள் என்கிறேன்.
உயரமாக.