கிடைப்பவற்றுள்

படிவத்தின் ஏழாம் பக்கம் கேட்கிறது:
உங்கள் பாடசாலையில் கிடைப்பவற்றுள்
இம்மாணவி தெரிவுசெய்த பாடங்கள் எத்தகையவை?
ஐந்து பெட்டிகள்.
இலேசானவை என்று தொடங்கி
மிக மிகக் கடினமானவை என்று முடிகின்றன.
ஒன்றில் மட்டும் புள்ளடி.

பதில் அதிபர் ரொபின்சன் சேர்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்கிறார்:
"கஜேந்தினி, இதுல எத போட?"

ஜன்னலுக்கு வெளியே பொகவந்தலாவை இல்லை.
பத்து மணி வெள்ளை மட்டும்.
அதற்குள் எங்கோ ஒரு பஸ் ஹோர்ன் அடிக்கிறது.

கிடைப்பவை என்றால்
கலை, வர்த்தகம்.
இரண்டுக்கும் ஆசிரியர்கள் உண்டு, நாற்காலிகளும் உண்டு.
கணிதப் பிரிவு
நாங்கள் நாலு பேர் கடிதம் எழுதி வாங்கியது.
தை மாதம் பௌதிகவியலுக்கு ஒருவர் வந்தார்.
மாசியில் வேர்னியரைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்.
பங்குனியில் கண்டிக்கு மாற்றலாகிப் போனார்.
குறை சொல்லவில்லை.
அவர் வீட்டில் கைக்குழந்தை, இங்கே இந்தக் குளிர்.

மிதுஷன் வர்த்தகத்துக்கு மாறினான்,
"ஷுவரா கெம்பஸ் கிடைக்கும்" என்று.
சிவரூபி கொழும்புக்கு, துணிக்கடைக்கு.
மூன்றாவது ஆள் ஏன் நின்றான் என்று
இன்றுவரை சொல்லவில்லை.
தீபாவளி லீவு முடிந்து வந்த நாளிலிருந்து
இரசாயனவியல் டீச்சர் இடாப்பை விரித்து
ஒரே ஒரு பெயரைக் கூப்பிட்டு மூடுவார்.
எதிரில் இரண்டடித் தூரத்தில் உட்கார்ந்தபடி
நானும் "பிரசன்ட் டீச்சர்" என்பேன்.

பௌதிகவியல் எனக்கு நள்ளிரவில் நடந்தது.
பன்னிரண்டுக்குப் பிறகுதான் டேட்டா மலிவு.
தண்ணீர் டாங்கிக்குக் கீழே சிக்னல் இரண்டு கோடு.
அம்மாவின் ஸ்வெட்டரை என் ஸ்வெட்டருக்கு மேல் போட்டுக்கொண்டு
திரையில் யாரோ ஒருவர்
சாய்தளத்தில் ஒரு கட்டையைச் சறுக்க விடுவதைப் பார்த்தேன்.
உராய்வைப் புறக்கணிக்க, என்றார்.
புறக்கணித்தேன்.
மழை நாளில் எங்கள் லயத்துப் படிகளில் இறங்கியவருக்குத் தெரியும்
அதைப் புறக்கணித்தால் என்ன ஆகுமென்று.

ஃபஸ்லினா இப்போது கண்டியில், லண்டன் ஏ/எல்.
ஹட்டன் டியூஷனில் ஒரே வாங்கில் இருந்தவள்.
"நாலு பாடம் எடு, ஃபர்தர் மெத்ஸ் கட்டாயம்,
கஷ்டமானத எடுத்தவங்களத்தான் பாக்கிறாங்களாம்"
என்று குரல்பதிவு அனுப்பினாள்.
பின்னணியில் யாரோ பியானோ பழகினார்கள்.
மூன்று தடவை கேட்டேன்.
ஒருதடவை அவளுக்காக, இரண்டு தடவை பியானோவுக்காக.
பொறாமையை நிரப்ப இந்தப் படிவத்தில் இடம் விடவில்லை.

பெறுபேறு வந்தது. பி, சி, சி.
கலை எடுத்திருந்தால் மூன்று ஏ என்று
பஸ் தரிப்பிடம் வரை கணக்குப் பார்த்தார்கள்.
அம்மா கேட்டாள்:
"சின்னா பாஸா, பெயிலா?"
"பாஸ்."
"அப்பறம் எதுக்கு மூஞ்ச தூக்கி வச்சிருக்க?"
ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

சேரின் பேனா மூன்றாவது பெட்டிக்கு மேல் நிற்கிறது.
"நடுவுல போட்டா ஒரு பிரச்சினையும் வராது."
கிடைக்காததை எடுத்தவர்களுக்கு
ஆறாவது பெட்டி இல்லையா, என்று நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சிரித்திருப்பார். நல்ல மனுஷன்.
"அஞ்சாவது, சேர்."
கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.
பக்கத்து வகுப்பில் இரண்டு தலைகள் திரும்பின.

அவர் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார்,
கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு
புள்ளடி இட்டார்.
முத்திரையில் மை காய்ந்திருந்தது.
அதன்மேல் மூச்சு விட்டு அழுத்தினார்.
பாடசாலையின் பெயர் பாதி பதிந்தது.
"போதும்தானே?"
"இன்னொருக்கா, சேர்."

பதினொன்று இருபது பஸ்ஸைப் பிடித்தால்தான்
கரண்ட் போவதற்குள் ஹட்டனில் ஸ்கேன் பண்ணலாம்.