மேற்பார்வை

புதன்கிழமை இரண்டரைக்கு
ஜெலுத்தோங் கடைவீட்டு மாடியில் கூடுவோம்.
நான்கு ஆலோசகர்கள், நான்,
பிளாஸ்டிக் பையில் கட்டிய கோப்பி.
கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம்.

எப்படி இருக்கிறார் என்று கேட்பேன்.
கோப்பைத் திறக்காமலே
‘பரவாயில்லை’ என்பார் தயாபரன்.
வந்தவர் அவரிடம் சொன்ன பரவாயில்லை
அவர் என்னிடம் சொன்ன பரவாயில்லையாகி
என் கையெழுத்துக்கு மேலே
நீல மையில் உட்கார்ந்துகொள்ளும்.
மூன்று வருடம் இப்படி.

கேள்வித்தாள் வந்தது நடுவில்.
ஒன்பது கேள்விகள், நான்கு மொழிகள்,
சுழியத்திலிருந்து மூன்றுவரை வட்டமிட வேண்டும்.
தமிழ்த் தாளில் ‘சோர்வு’, ‘சேர்வு’ ஆகியிருந்தது.
திருத்தி அனுப்பினேன்.
நான் செய்தது அவ்வளவுதான்.

‘மனசென்ன கெம்போங் மீனா,
நிறுத்துப் பார்க்க?’
என்றார் தயாபரன்.
எல்லோரையும்விட அதிகமாய்ச் சிரித்தது நான்.
மேற்பார்வையாளர் எதற்குச் சிரிக்கிறாள் என்பதைச்
சுற்றறிக்கையைவிடக் கவனமாகப் படிப்பார்கள்
மேசையைச் சுற்றி இருப்பவர்கள்.

வரவேற்பில் நோர்ஹயாத்தி மட்டும்
நூலில் கட்டிய பென்சிலோடு
வருகிற எல்லோரிடமும் தாளை நீட்டினார்.
நிரப்பியவை மைலோ பெட்டிக்குள் போயின.
கொடுக்கச் சொல்லியிருந்தார்கள், கொடுத்தார்.
கேட்கச் சொல்லி யாரும்
என்னிடம் சொல்லவில்லை என்று
பிறகு ஒருநாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.
எடுபடவில்லை.

தயாபரன் விடுப்பில் இருந்த நாள்
அவர் நாற்காலியில் நான்.
எதிரே ஒரு வெல்டர்,
தினமும் மோட்டாரில் பாலம் தாண்டிப்
பிறைக்கு வேலைக்குப் போகிறவர்.
பெயர் இங்கே வேண்டாம்.
உட்கார்ந்ததும் கேட்டார்:
‘நான் போடுற வட்டத்தையெல்லாம்
யாருங்க பாக்குறா?
வாயில வராதத
கையால போட்டுட்டுப் போறேன்.’

மைலோ பெட்டியைக் கொட்டித் தேடினேன்.
அவருடையவை ஆறு.
யாரும் சத்தமாகப் படிக்க விரும்பாத
அந்த ஒன்பதாவது கேள்விக்கு
சுழியம், சுழியம், ஒன்று,
ஒன்று, இரண்டு,
கடைசித் தாளில் மூன்று.
பென்சில் முனை தாளைக் கிழித்திருந்தது.
அதே ஆறு தேதிகளில் கோப்பில் பரவாயில்லை,
கீழே என் பெயர்.
மேலாகப் பார்ப்பதற்கும்
மேற்பார்வை என்றுதான் சொல்ல வேண்டும்போல.

அன்றைக்கு அவர் பிறைக்குப் போகவில்லை.
மருத்துவர் வந்தார், தம்பி வந்தார்,
காரில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.
மோட்டார் மட்டும் டயர் கடை வாசலில்
பல நாள் நின்றது.
மழைக்குக் கடைக்காரர் தார்ப்பாய் போட்டிருந்தார்,
யாருடையது என்று கேட்காமலே.

அடுத்த புதன்.
நிரப்பிய தாள் ஒன்றை மேசையில் வைத்தேன்.
என்னுடையது. ஒரே கேள்வி.
கடந்த பன்னிரண்டு கூட்டங்களில்
‘தாளைக் காட்டுங்கள்’ என்று கேட்டேனா?
ஒருநாளும் இல்லை.
வட்டம்.

தயாபரன் கோப்பிப் பையின் முடிச்சையே
பார்த்துக்கொண்டிருந்தார்.
சுவீ லியன்தான் பேசினாள்:
‘எண் ஏறினால் எங்கள் பேரில் எழுதுவார்களா?’
எழுதினால் முதலில் என் பேரில் என்றேன்.
சொன்ன பிறகு பயமாகத்தான் இருந்தது.

இப்போதெல்லாம் தாள்கள் முதலில்,
கோப்பி அப்புறம்.
எண் எல்லாம் சொல்லிவிடுவதில்லை.
ஒரு பெண்ணின் தாளில் ஒன்பதும் சுழியம்.
எல்லோரும் அடுத்ததற்குப் போனபோது
தயாபரன் அதை வெளிச்சத்தில் பிடித்தார்.
‘இது அவங்க போட்ட வட்டமில்ல,
பக்கத்துல உட்கார்ந்திருந்த புருஷன் போட்டது.’
மீன் தராசு ஞாபகம் வந்தது.
நான் சிரிக்கவில்லை.

நேற்று வெல்டர் வந்தார்.
கூட்டிப் பார்த்தோம், அவரும் நானும்.
மொத்தம் பதினொன்று.
போன மாதம் இருபத்திரண்டு.
கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே இறங்கியவர்
அந்தக் கடைசிப் புள்ளியில் நின்றார்.
‘இன்னும் இருக்கு’ என்றார்.
ஆமாம் என்றேன்.

கீழே தார்ப்பாயை உதறி மடிக்கும் சத்தம்.
மோட்டார் இரண்டாவது உதையில் கிளம்பியது.
அடுத்தவர் கதவைத் தட்டினார்.
கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டு
அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.